நான் திருத்திய மூன்று விலாசங்கள்

ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போட்டு, காபி கொடுத்து, "நாலு வார்த்தை பேசுங்க சார்" என்று கேட்பது இப்போது எல்லா அலுவலகத்திலும் ஒரு சடங்காகிவிட்டது. போன மாதம் நான் கடைசியாக வேலை பார்த்த கல்லூரியிலும் அப்படிக் கூப்பிட்டார்கள். சேர்க்கைப் பிரிவில் வேலை செய்கிற ஒரு பெண் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து புலம்பித் தீர்த்துவிட்டாள். சட்டப் படிப்புக்கு விண்ணப்பம், நுழைவுத் தேர்வு, ஹால் டிக்கெட் எல்லாம் கம்ப்யூட்டராம். ஒரு கட்டம் விட்டுப் போனாலும் அது தள்ளிவிடுமாம். "உங்க காலத்துல மனுஷங்க பார்த்து செஞ்சாங்க. அப்போ இந்தக் கஷ்டமெல்லாம் இல்ல, இல்ல சார்?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனுஷன் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும் அம்மா, அந்த மனுஷனே நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் பின்பாதியில் பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்குப் பிடித்து, மாலை நேரச் சட்டக் கல்லூரி ஒன்று நடத்தினார்கள். பெயர் வேண்டாம். இன்று அந்தப் பங்களாவும் இல்லை, கல்லூரியும் இல்லை. நான் நசரத்பேட்டைக்காரன். எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்பிங் ஹையர் பாஸ் செய்து, அரிசி மண்டி ஒன்றில் இரண்டு வருடம் கடிதம் அடித்துவிட்டு, அங்கே சேர்க்கைப் பிரிவில் எழுத்தராகச் சேர்ந்தேன். தலைமை எழுத்தர் வேதாசலம் முதல் நாள் ஒரு கட்டு விண்ணப்பத்தைத் தூக்கி என் மேசையில் போட்டு, "பாத்துப் பாத்துக் கத்துக்கோ. கேள்வி கேட்டு உசிர எடுக்காதே" என்றார். நான் பெற்ற பயிற்சி அவ்வளவுதான்.

எனக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதில் கர்வமும் உண்டு, மறைப்பானேன். பிறர் எழுதியது கோணலாக இருந்தால் எனக்குத் தாங்காது. சிவப்பு மசியில் அடித்து, மேலே நேராக எழுதி வைப்பேன். கை சும்மா இருக்காது.

விண்ணப்பத்தில் 'தகப்பனார் தொழில்' என்று ஒரு கட்டம். நான் சேர்ந்த புதிதில் அந்தக் கட்டம் முழுக்க வக்கீல், வக்கீல் குமாஸ்தா, கிராம முன்சீப், நிலச்சுவான்தார், திரும்பவும் வக்கீல். அம்பத்தூரில் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்து, ஆவடிப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகி, ஷெட்டுக்கு ஷெட்டு சங்கம் முளைத்த பிறகு அந்தக் கட்டம் மாறத் தொடங்கியது. லாரி டிரைவர், நெசவு, சலவை என்றெல்லாம் வந்தது. எழுபதுகள் பிறந்தபோது நான் அதிகமாகப் பதிந்த சொல் 'விவசாயக் கூலி'. பகலில் மெஷினில் நின்று, சாயங்காலக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, அதே சைக்கிளை இங்கே திருப்பிக்கொண்டு வந்த பிள்ளைகள்.

"சட்டம் எதுக்குப்பா உங்களுக்கு?" என்று ஒருவரை வாய்விட்டே கேட்டிருக்கிறேன்.

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? சங்கத்துல வக்கீல் வெச்சிக்கீறோம். அவரு கோர்ட்ல இங்கிலீஷ்ல இன்னாவோ பேசிட்டு வெளிய வந்து, 'தேதி போட்டுட்டான்'றாரு. ஏன் போட்டான், எதுக்கு போட்டான்னு நம்மாளு ஒர்த்தனுக்காவது தெரிய வேணாமா?"

அவர் கொடுத்த படிவத்தில் கையெழுத்துக்குப் பக்கத்திலேயே கட்டைவிரல் அகலத்துக்கு கிரீஸ் கறை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேற பாரம் வாங்கி சுத்தமா எழுதிட்டு வாங்க" என்று தள்ளிவிட்டேன். அவர் அசையாமல் நின்றார். அப்போதுதான் எங்கள் பிரின்சிபால் தாமோதரன் அந்தப் பக்கம் வந்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி. ஒல்லி உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்தக் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினாலும் வாங்க மாட்டார். பேனாவின் மூடியைத் திருகி மூடிவிட்டு, "வாசிங்க" என்பார். எழுதியவனே நின்று, ஒரு சொல் விடாமல் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நாம் எழுதிய அசட்டுத்தனம் நம் காதிலேயே விழும்போது இருக்கிற வேதனை இருக்கிறதே, அதற்குத் திட்டு வாங்குவதே தேவலை.

அன்றும் "வாசிங்க" என்றார். கறை படிந்த விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை வாசித்தேன்.

"எங்கயாவது படிக்க முடியாம போச்சா?"

"இல்ல சார்."

"அப்போ வாங்கிக்குங்க."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மரமண்டை, உறைக்கவில்லை.

இருந்ததோ அறுபது இடம். விண்ணப்பங்களோ வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போயின. பகலெல்லாம் படித்தவன் மார்க்கையும், ஷிப்ட் முடித்துத் தூக்கத்தோடு படித்தவன் மார்க்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்று சொல்லி, பிரின்சிபால் தாமே ஒரு நுழைவுத் தேர்வு கொண்டுவந்தார். மனப்பாடக் கேள்வி எதுவும் கிடையாது. ஒரு சின்னத் தகராறைக் கொடுப்பார். ஒருவன் சைக்கிளை இரவல் வாங்கி, அதை இன்னொருவனுக்கு இரவல் கொடுத்து, அது தொலைந்துபோகிறது. சைக்கிள்காரன் பக்கம் நின்று ஒரு பக்கம் எழுத வேண்டும். பிறகு இரவல் வாங்கியவன் பக்கம் நின்று ஒரு பக்கம். இரண்டும் சம பலத்தோடு இருந்தால்தான் மார்க்.

விடைத்தாளின் தலையில் பெயர் எழுதிய துண்டு இருக்கும். துண்டிலும் தாளிலும் ஒரே மறை எண்ணைக் குத்தி, துண்டைக் கிழித்து, உறையில் போட்டு அரக்கு வைக்க வேண்டும். அது என் வேலை. உறை பிரின்சிபாலின் அலமாரிக்குப் போகும். தாள்கள் பூந்தமல்லி கோர்ட்டில் வக்கீலாக இருந்த இருவருக்குப் போகும். எந்தத் தாள் யாருடையது என்பது பட்டியல் முடிகிற வரை யாருக்கும் தெரியாது. இத்தனை கட்டுக்காவலுக்கு நடுவிலும் நான் ஓட்டை போட்டேன் பாருங்கள், அதுதான் சாமர்த்தியம்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு கோடை. தேர்வு முடிந்த இரண்டாம் நாள், ஒரு ஹால் டிக்கெட் தபாலில் திரும்பி வந்தது. எத்திராஜ் என்று பெயர். அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் விலாசம். உறையின் மேல் யாரோ 'பணியில் இல்லை' என்று எழுதியிருந்தார்கள். ஆள் தேர்வுக்கு வரவில்லை என்பது வருகைப் பட்டியலிலும் இருந்தது. ஏன் இல்லை என்று பார்க்க அவருடைய விண்ணப்பத்தை எடுத்தேன்.

அவர் எழுதியிருந்த விலாசம் வேறு. 'இரண்டாவது மதகுக்கு எதிரே, ஏரிக்கரை, பருத்திப்பட்டு' என்று எழுதியிருந்தார். அதன் மேல் சிவப்பு மசியில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே முத்து முத்தான கையெழுத்தில் தொழிற்சாலையின் விலாசம். மதகு ஒரு விலாசமா, கதவு எண் கிடையாது, தெரு கிடையாது, தபால்காரன் எங்கே போய்த் தேடுவான் என்று நினைத்து, கூடவே அவர் இணைத்திருந்த, தொழிற்சாலை கொடுத்த 'ஆட்சேபணை இல்லை' கடிதத்தின் தலைப்பிலிருந்து விலாசத்தை எடுத்து நானே எழுதியிருக்கிறேன். உதவி செய்ததாக நினைப்பு வேறு!

வேதாசலத்திடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

"யோவ், திரும்பி வந்த தபாலை என்ன செய்யணும்?"

"ஃபைல்ல வைக்கணும் சார்."

"வெச்சிட்டு வேலையப் பாரு. அடுத்த மாசம் உன்னை நிரந்தரம் பண்றாங்க. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?"

ஃபைலில் வைத்தேன். ஆமாம், வைத்தேன். கல்யாணமாகி ஐந்து மாதம். வேலை நிரந்தரமாகும் என்று மாமனார் வீட்டுக்குச் சொல்லியாகிவிட்டது. அந்த ஆள் ஒருவேளை இந்தப் படிப்பே வேண்டாம் என்று விட்டிருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது நிஜம்தானா என்று பார்த்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்தேன். பாரிவாக்கம் தாண்டி, பருத்திப்பட்டில் நுழைந்ததும் ஒரு பெட்டிக்கடையில் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"ரெண்டாவது மதகா? நேரா கரை மேல போ சார். மொத மதகு வரும், வுட்டுடு. அடுத்தது ரெண்டாவது. எதுக்கால ஒரே ஊடுதான் கீது, எத்திராஜ் ஊடு" என்றார் கடைக்காரர். கை நீட்டிக் காட்டவும் செய்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த விலாசத்தில் ஒரு குறையும் இல்லை.

எத்திராஜ் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கால் வரை ஏரிச் சேறு. கேன்டீன் தொழிலாளி ஒருவருக்காக மனு எழுதிக் கையெழுத்துப் போட்டதற்காகத் தொழிற்சாலையில் சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். கரைக்கு மண் சுமக்கும் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் கல்லூரியிலிருந்து வருகிறேன் என்றதும், உள்ளேயிருந்து அவருடைய அம்மா ஓடிவந்தார்.

"லெட்டரு எட்த்தாந்தியா நைனா? தெனம் தபால்காரு வர்ற நேரத்துக்கு மதகாண்ட போயி நின்னுகினு கீறேன். 'உனுக்கு ஒண்ணும் இல்ல ஆயா'ன்னு சொல்லிட்டு போய்கினே கீறாரு."

தேர்வு முடிந்துவிட்டது என்பதை எப்படியோ சொன்னேன். அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். எத்திராஜ் கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் கோபப்படவில்லை.

"பரவால்ல சார். கூப்பிட மாட்டாங்கன்னு நானே நெனச்சிகினேன்" என்றார்.

"ஏன் அப்படி நெனச்சீங்க? வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"நம்மள எங்க சார் கூப்பிடப் போறாங்கன்னு வுட்டுட்டேன்."

அவர் கத்தியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். பதிலுக்கு நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்திருப்பேன். என் சிவப்பு மசியை அவர் தம்முடைய தலையெழுத்து என்று நினைத்து, சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டதுதான் என்னை அடித்துப் போட்டது. திரும்பி வரும்போது சைக்கிளை மிதிக்கவே முடியவில்லை. கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டே வந்தேன். அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

திங்கட்கிழமை மாலை ஒரு குறிப்பு எழுதிக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். பேனா மூடியைத் திருகினார்.

"வாசிங்க."

"விண்ணப்பதாரரின் முகவரி அலுவலகத்தில் திருத்தப்பட்ட காரணத்தால்..."

"யார் திருத்தினது?"

"அலுவலகத்துல சார்."

"அலுவலகத்துக்குக் கை ஏது? எழுதிட்டு வாங்க."

மறுபடியும் போனேன். 'எழுத்தரால் தவறுதலாக' என்று வாசித்தேன். "அந்த எழுத்தருக்குப் பேர் இல்லையா?" என்றார். மூன்றாம் முறை, 'நான் திருத்தினேன்' என்று தொடங்கும் குறிப்பை, என் பெயரையும் சேர்த்து, வாசித்து முடித்தேன். வாசித்து முடித்ததும் பெரிய மூட்டையை இறக்கி வைத்தது போல இருந்தது. அவர் ஆறுதலும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை.

"தேர்வுக்கு வராதவங்க எத்தனை பேர்?"

"ஒன்பது பேர் சார்."

"ஒன்பது விண்ணப்பத்தையும் எடுத்துட்டு வாங்க. உங்க கை எங்கெல்லாம் பட்டிருக்குன்னு பார்ப்போம்."

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒன்பதில் மூன்று விண்ணப்பங்களில் என் சிவப்பு மசி இருந்தது. பாரிவாக்கத்து ஆசிரியர் ஒருவர் 'வேப்பமரத்துக் கிணறு பக்கத்தில்' என்று எழுதியதை அடித்து, கோடை விடுமுறையில் பூட்டிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் விலாசத்தைப் போட்டிருந்தேன். ஆவடியில் ஒருவருக்கும் அதே கதிதான். இந்த இருவர் கடிதங்களும் திரும்பிக்கூட வரவில்லை. எங்கோ பூட்டின கதவுக்குள் கிடந்தன.

வேதாசலம் குறுக்கிட்டார். "சார், அந்த எத்திராஜ் இப்போ சஸ்பென்ஷன்ல இருக்கான். அந்த ஆட்சேபணை இல்லாக் கடிதம் செல்லாது."

"கொடுத்த தேதியில அவர் வேலையில இருந்தார். செல்லும்" என்று சொல்லிவிட்டு, பிரின்சிபால் என்னைப் பார்த்தார். மூவருக்கும் தனித் தேர்வு, புதுக் கேள்வித்தாள். அதே இரண்டு வக்கீல்கள்தான் திருத்துவார்கள். மூன்று தாள் இருப்பதால் எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. புது ஹால் டிக்கெட்டோடு காரணத்தையும் எழுதி, மூன்று வீட்டுக்கும் நானே போய்க் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும்.

வாசித்தேன். பாரிவாக்கத்து ஆசிரியர் நன்றாகத் திட்டினார். ஆவடிக்காரர் சிரித்தார். எத்திராஜ் வாசலில், அவர் அம்மா பார்த்துக்கொண்டிருக்க, 'தாங்கள் எழுதிய முகவரியை எழுத்தராகிய நான் தேவையின்றி மாற்றினேன்' என்று வாசித்தபோது, எத்திராஜ் என் முகத்தையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. "பரீட்ச எத்தினி மணிக்கு சார்?" என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

தேர்வு நடந்தது. எனக்கு மெமோ வந்தது. நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப் போயிற்று. மாமனார் வீட்டில் தலை குனிந்தேன். ஆனால் அந்த மெமோவின் அலுவலக நகலை ஃபைலில் வைக்கும்போது அடியில் ஒரு வரி பார்த்தேன். பிரின்சிபால் தம் கையாலேயே எழுதியிருந்தார்: 'ஹால் டிக்கெட் அனுப்பிய விலாசப் பட்டியலைச் சரிபார்க்காமல் கையெழுத்திட்டது என் குறை.' எவ்வளவு பெரிய மனிதர்! என்னைக் கைகழுவிவிட்டிருக்கலாம். வேலையைவிட்டே அனுப்பியிருக்கலாம். நான் பிறகு முப்பது வருடம் தலை நிமிர்ந்து வேலை பார்த்தேன் என்றால் அது அந்த ஒரு வரி போட்ட பிச்சை.

பட்டியல் நாள். அரக்கை உடைத்து, பிரின்சிபால் மார்க் வரிசையில் மறை எண்ணைச் சொல்ல, நான் துண்டைத் தேடிப் பெயரை வாசிக்க வேண்டும். இருபது போயிற்று, முப்பது போயிற்று. முப்பத்தைந்தில் பாரிவாக்கத்து ஆசிரியர். நாற்பத்தொன்றாவது எண்ணுக்குத் துண்டை எடுத்தேன். எத்திராஜ். குரல் உடைந்துபோயிற்று. பிரின்சிபால் நிமிர்ந்து பார்த்து, "சரியா கேக்கல, இன்னொரு தடவை வாசிங்க" என்றார். அவருக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆவடிக்காரர் அறுபதுக்குள் வரவில்லை. அவருக்கு முதலிலேயே ஒழுங்காகக் கடிதம் போயிருந்தால் இன்னும் நன்றாக எழுதியிருப்பாரோ என்ற கேள்வி இன்றும் எனக்கு உண்டு. அதற்கு விடை கிடையாது.

சேர வேண்டிய அன்று எத்திராஜ் வெள்ளைச் சட்டை போட்டு வந்தார். சான்றிதழ்களை வாங்கிச் சரிபார்த்தேன். சேர்க்கைப் பதிவேட்டை எடுப்பதற்குள், அவர் மேசை மேல் கையை ஊன்றிக் கேட்டார்.

"சார், ஒண்ணு கேக்கணும். அன்னைக்கே கேட்டிருப்பேன். பரீட்ச எழுதணும், உங்க தயவு வேணும்னு சும்மா இருந்துட்டேன். இப்போ சீட்டு கெடச்சாச்சு. கேக்கலாமா?"

"கேளுங்க."

"என் பாரத்துல பேரை மாத்துனீங்களா?"

"இல்ல."

"மார்க்கை?"

"இல்ல."

"அப்பா தொழில் கூலின்னு எழுதியிருந்தேன். அத்த?"

"அதையும் மாத்தல."

"அப்போ நான் எங்க கீறேன்றத மட்டும் ஏன் சார் மாத்துனீங்க?"

சுற்றிலும் ஆட்கள் நின்றிருந்தார்கள். வேதாசலம் மெல்லுவதை நிறுத்திவிட்டார். கடிதம் தவறாமல் போய்ச் சேரட்டும் என்றுதான் மாற்றினேன் என்று சொல்ல நாக்கின் நுனியில் வார்த்தை தயாராக இருந்தது. அதில் பொய்யும் இல்லை. ஆனால் அது முழுசும் இல்லை.

"மதகுக்கு எதிரேன்னு படிச்சப்போ, அது ஒரு வீடா எனக்குத் தோணல எத்திராஜ்" என்றேன். "அங்க ஒருத்தர் கடிதத்துக்காகக் காத்துக்கிட்டு நிப்பாங்கன்னு நெனைக்கவே இல்ல. அதான் நெசம்."

பிற்காலத்தில் வக்கீலான அவர் வாழ்நாளில் விசாரித்த முதல் சாட்சி நான்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

"சரி சார்" என்றார். "பொய் சொல்லுவீங்கன்னு நெனச்சேன்." பிறகு என் பேனாவைக் கேட்டு வாங்கி, பதிவேட்டில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.